பதினேழாவது வரி

அன்றைக்கு எங்கள் ஊரில் நல்ல வெயில். பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி இருக்கிறது நான் வாழ்க்கைப்பட்ட ஊர். கேரளம் முழுக்க மழை பிடித்துக்கொண்டாலும் எங்களுக்குக் கணவாய்க் காற்றுதான் மிஞ்சும். கீழே களத்தில் என் மாமியார் தேங்காய்ப் பருப்பைக் காயப்போட்டுவிட்டுக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார். நான் மாடி அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, மூணாறு மலையில் கொட்டும் மழைக்குள்ளிருந்து என் அண்ணன் எழுதும் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது மூணாறுப் பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஃபாக்டரியில் வேலை பார்த்தார், இப்போது உயிரோடு இல்லை. அண்ணன் அதே எஸ்டேட்டில் சூப்பர்வைசர். எஸ்டேட் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்திருக்கும் வீடுகளை நாங்கள் லயம் என்போம். எங்கள் லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக மலை. சின்ன வயதில் கனமழைக் காலம் வந்தால் அம்மா எங்கள் இருவரையும் ஸ்வெட்டரும் செருப்பும் போட்டபடியே படுக்க வைப்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. மலையைப் பற்றிய பயம் எனக்கு அப்படித்தான் வந்தது, யாரும் சொல்லித்தராமலே.

படித்து முடித்து ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. எங்கள் நிறுவனம் செய்வது ஒரே ஒரு பொருள்தான்: பல பேர் பல இடங்களில் இருந்து ஒரே நேரத்தில் திறந்து எழுதக்கூடிய பக்கம். ஒருவர் எழுதுவது மற்றவர் திரையில் உடனே தெரியும். பார்க்கச் சுலபமாக இருக்கும். உள்ளே அது பெரிய தலைவலி. நீங்கள் மூன்றாவது வரியை அழிக்கிற அதே நொடியில் நான் அந்த வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் என்ன செய்வது? ஒருவருடைய போன் தொடர்பு இல்லாமல் ஒரு மணி நேரம் தனியாக எழுதிவிட்டுத் திரும்பி வந்தால் எதை எங்கே பொருத்துவது? யார் எந்த வரிசையில் எழுதியிருந்தாலும் கடைசியில் எல்லாருடைய திரையிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். அதைக் காப்பாற்றும் பகுதியில்தான் ஆறு வருஷமாக என் வேலை.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அண்ணன் என்னிடம் ஒன்று கேட்டான். மழை வலுக்கும்போது லயத்து ஆட்களைக் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து தங்க வைப்பார்கள். அதற்குக் கேம்ப் என்று பெயர். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பேப்பரில் எழுதுவார்கள். அந்த வருஷம் மூன்று பேர் மூன்று பேப்பர் வைத்திருந்தார்களாம். ஒரு குடும்பம் பள்ளிக்கூடத்தின் இன்னொரு கட்டிடத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, அவர்களைத் தேடி அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் மழையில் மலையேறிப் போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

"பாப்பா, நீ ஏதோ எல்லாரும் சேந்து எழுதுற ஆப்பு செய்யுறேன்னு சொன்னேல்ல, அது நமக்கு ஒதவுமா?" என்றான். நான் பாப்பாதான் அவனுக்கு, இந்த வயதிலும்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், கடைசிக் கட்டத்தில் 'வந்தாச்சு' என்று எழுத ஓர் இடம். அண்ணன் மேலே லயத்தில் இருந்து ஆட்களை ஜீப்பில் ஏற்றும்போதே தன் போனில் எழுதுவான். கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் தமிழ் டீச்சர் கீழே இருந்து தன் போனில் எழுதுவார். அடுத்த மழைக்காலம் முழுக்க அது நன்றாகவே வேலை செய்தது. பஞ்சாயத்தில்கூட நல்ல பேர் என்று அண்ணன் சொன்னான்.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த வருஷத்தைப் பற்றி.

அந்த மழைக்கு இரண்டு வாரம் முன்னால் நான் எங்கள் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்திருந்தேன். தொடர்பு அறுந்து நீண்ட நேரம் கழித்துத் திரும்பி வரும் போன்கள் தம்மிடம் சேர்ந்திருக்கும் மாற்றங்களைப் பொதுப் பக்கத்தோடு சேர்க்க அதிக நேரம் எடுத்துக்கொண்டன. மக்கள் பொறுமை இழந்தார்கள். அதைச் சுருக்க ஒரு குறுக்குவழி எழுதினேன். எழுதி முடித்ததும் வழக்கமான சோதனையை ஓட்டினேன். அந்தச் சோதனை, இல்லாத மனிதர்கள் பலரை உருவாக்கி, ஒரே பக்கத்தில் தாறுமாறாக எழுதவும் அழிக்கவும் வைத்து, நடுநடுவே தொடர்பை அறுத்து, முடிவில் எல்லாருடைய பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும். முதல் தடவை சிவப்பு வந்தது. எங்கோ இரண்டு பக்கங்கள் ஒத்துப்போகவில்லை. மறுபடி ஓட்டினேன். பச்சை. இன்னொரு தடவை. பச்சை. சோதனை ஓட்டும் இயந்திரம் சில நாளாக மக்கர் செய்துகொண்டிருந்தது. அதன் வேலைதான் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணிக்கொள்ளத்தான் எனக்கு விருப்பமாக இருந்தது என்பதே சரி. மாற்றம் வெளியே போயிற்று. அண்ணனுடைய போனுக்கும் போயிற்று.

மழை மூன்று நாளாகப் பெய்துகொண்டிருந்தது. நான்காவது நாள் காலையில் ரெட் அலர்ட். சரிவை ஒட்டிய மூன்று லயங்களையும் உடனே காலி செய்யச் சொல்லி வில்லேஜ் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. அம்மா முதல் ஜீப்பிலேயே கேம்ப்புக்கு வந்துவிட்டார். "வந்துட்டேன் தாயி, டீ குடிச்சிட்டேன்" என்று டீச்சர் போனிலிருந்து ஒரு வார்த்தை பேசினார். அதன்பிறகுதான் நான் மூச்சுவிட்டு என் வேலையைத் திறந்தேன். ஆனாலும் லிஸ்ட் ஓரமாகத் திறந்தே இருந்தது.

அதில் அண்ணனுக்கு நீல நிறக் கோடு, டீச்சருக்குப் பச்சைக் கோடு. யார் எந்த வரியில் இருக்கிறார்கள் என்று அந்தக் கோடு காட்டும். பத்து மணிவாக்கில் நீலக் கோடு மறைந்துபோயிற்று. மேலே ரேஞ்சு போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். பச்சைக் கோடு மட்டும் கீழும் மேலும் போய் வந்தது. லிஸ்டில் இல்லாத இரண்டு குடும்பங்கள், விருந்தாளியாக வந்து மாட்டிக்கொண்டவர்கள், கேம்ப்புக்கு வந்திருக்கிறார்கள் போல. டீச்சர் லிஸ்டின் தலைப்பகுதியில் புதிதாக இரண்டு வரி சேர்த்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து நீலக் கோடு திரும்பி வந்தது. வந்ததும் ஒரே கணத்தில் ஏழெட்டு 'வந்தாச்சு' சரசரவென்று விழுந்தன. மேலே தொடர்பில்லாத நேரத்தில் அண்ணன் எழுதிவைத்தவை. கொஞ்ச நேரத்தில் பச்சைக் கோடும் இரண்டு மூன்று வரிகளில் நின்று எழுதியது. பிறகு லிஸ்டின் அடியில் டீச்சர் எழுதினார்: எல்லாரும் வந்தாச்சு.

நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். கீழே களத்தில் இருந்த அத்தையிடம் சொல்லலாம் என்று படி வரைக்கும் போனேன். ஏன் திரும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. லிஸ்டை மூடிவிட்டுப் போகலாம் என்றுதான் இருக்கும். மூடும்போது கண்ணில் பட்டது பதினேழாவது வரி.

இரண்டாவது லயத்தின் கடைசி வீடு. ஃபாக்டரியில் அப்பாவோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். மனைவி இறந்து பல வருஷம். ஒரே மகளைத் தமிழ்நாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார். காது அநேகமாகக் கேட்காது. தனி ஆள். ஒரு பசுமாடு வைத்திருந்தார். அவர் பெயருக்கு நேராக இப்படி இருந்தது: வந்தாச்சு, ஜீப்பில், 4 பேர்.

நாலு பேர்.

மகள் குடும்பத்தோடு வந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். மழை நேரத்தில் யார் வருவார்கள்? லிஸ்டின் வரலாற்றைத் திறந்தேன். யார் எப்போது என்ன எழுதினார்கள் என்று அதில் இருக்கும். அந்த வரியை எழுதியது அண்ணனுடைய போன். அவன் எழுதிய நேரம் பத்தேகால். அப்போது அவனுக்குத் தொடர்பு இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது பழைய லிஸ்ட். டீச்சர் மேலே சேர்த்த இரண்டு வரிகள் அவனிடம் இல்லை. பழைய லிஸ்டில் பதினேழாவது வரி யார்? விரலை வைத்து எண்ணினேன். மூன்றாவது லயத்தில் ஒரு குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். நாலு பேர்.

அண்ணன் அந்தக் குடும்பத்துக்கு எழுதியது மாமாவின் பெயரில் விழுந்திருக்கிறது. என் குறுக்குவழி, அது யாருடைய வரி என்று பார்க்காமல் வரிசை எண்ணை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறது. எனக்கு அதற்குமேல் எந்த ஆதாரமும் தேவைப்படவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்த அந்தச் சிவப்பு இதுதான்.

டீச்சருக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகள் அழுகை.

"டீச்சர், கடைசி வீட்டு மாமா அங்க இருக்காரா?"

"எல்லாரும் வந்தாச்சும்மா. லிஸ்ட்ல பாக்கலையா?"

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"நூத்துச் சொச்சம் பேரு இருக்காங்க. ரெண்டு ஹாலு. ஒவ்வொருத்தரையும் நான் எப்படிப் பாக்க? அதான் லிஸ்ட் இருக்கே."

"மூணாவது லயத்து நாலு பேரு குடும்பம்?"

"அவங்க இங்கதான் என் முன்னாடி இருக்காங்க. அவங்க பேருக்கு நேரா காலியா இருந்துச்சு. அண்ணன் மறந்துட்டாரு போலன்னு நான்தான் எழுதினேன்."

எல்லாம் பொருந்திப் போயிற்று. எந்த வரியும் காலியாக இல்லை. தப்பு நடந்ததற்கு அடையாளமே இல்லாமல் லிஸ்ட் அழகாக நிரம்பியிருந்தது.

"டீச்சர், லிஸ்ட நம்பாதீங்க" என்றேன். "நான் செஞ்சதுதான் அது. அதுல தப்பு இருக்கு. பேரு பேரா கூப்பிட்டு, கைய தூக்கச் சொல்லிப் பாருங்க. மொதல்ல மாமாவத் தேடுங்க."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே ஹாலுக்குள் கத்தினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மாமாவின் பெயரை ஒருவர் சொல்ல, இன்னொருவர் சொல்ல, அது ஹாலின் மறுகோடி வரைக்கும் போய், பதில் இல்லாமல் திரும்பியது. பக்கத்துக் கட்டிடத்துக்கும் ஆள் ஓடியது. என் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது: "அவரு எங்க வந்தாரு? நான் காலைல இருந்து பாக்கவே இல்லையே."

அண்ணனைப் பிடிக்க எட்டு நிமிஷம் ஆயிற்று. அவன் கடைசி ஜீப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தான்.

"மாமாவ ஏத்துனியா?"

"இல்ல பாப்பா. மொத தடவ போனப்ப வீட்டுல இல்ல. அடுத்த ட்ரிப்புல கூட்டிக்கலாம்னு வந்தேன். அப்புறம் டீச்சருக்குப் போட்டு யாரு பாக்கின்னு கேட்டேன். யாரும் பாக்கியில்ல, அவரும் வந்துட்டாருன்னாக. சரி, வேற வண்டியில வந்திருப்பாருன்னு நெனச்சேன்."

"உன் போன்ல அவரு வரியப் பாரு. என்ன இருக்கு?"

ஈரக் கையால் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருப்பான்.

"காலியா இருக்கு."

அந்த நொடியை நான் எத்தனை தடவை திரும்ப நினைத்தேனோ. என் திரையில் 'வந்தாச்சு'. டீச்சரிடமும் 'வந்தாச்சு'. அவன் கையில் காலி. ஒரே லிஸ்ட், ஒரே நேரம். எது நடக்கவே கூடாது என்று ஆறு வருஷமாக நான் சம்பளம் வாங்கினேனோ அது நடந்திருந்தது. அதற்குள்ளே ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

"அவரு மேலதான் இருக்காரு" என்றேன். "லிஸ்ட் தப்பு. நான் செஞ்ச தப்பு."

அவன் என்னைத் திட்டவில்லை. டிரைவரிடம் "வண்டியத் திருப்பு" என்று சொல்வது கேட்டது. பிறகு போன் அறுந்துவிட்டது. நீலக் கோடும் மறைந்தது.

டீச்சர் பெயர் கூப்பிடுவதை முடித்துவிட்டு அழைத்தார். மற்ற எல்லாரும் இருந்தார்கள்; தள்ளி விழுந்த மற்ற 'வந்தாச்சு'கள் எப்படியோ வந்தவர்கள் பெயரிலேயே விழுந்திருந்தன. மாமா ஒருவர்தான் இல்லை. இன்னொரு செய்தியும் சொன்னார். லயத்துக்குப் போகும் வழியில் ஓடையைத் தாண்டும் கலுங்குப் பாலத்தின் மேல் மண் விழுந்து ஜீப் போகாதாம். அண்ணனும் இன்னொருவரும் கயிறு எடுத்துக்கொண்டு நடந்தே மேலே போகிறார்களாம்.

இப்போது அண்ணனும் அங்கே. அதுவும் நான் அனுப்பி.

எங்கள் குழுத் தலைவரைக் கூப்பிட்டேன். அந்தக் குறுக்குவழியை உடனே நிறுத்தச் சொன்னேன். அவர் நிதானமான மனிதர். "எங்க தப்புன்னு உறுதியா தெரியுமா? நெட்வொர்க் பிரச்சினையா இருக்கலாமே. பதறாதீங்க" என்றார்.

"சோதனை ஒரு தடவை சிவப்பு வந்துச்சு சார். நான் சொல்லல. பச்சை வர்ற வரைக்கும் திரும்ப ஓட்டினேன்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நிறுத்திட்டேன்" என்று மட்டும் சொன்னார். "இதுக்கு அப்புறம் பேசுவோம். உங்க ஊரப் பாருங்க."

ஊரை எப்படிப் பார்ப்பது? எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இரண்டு வாரமாக எத்தனை பேர் எழுதிய எத்தனை பக்கங்களில் எந்த வரி எந்த வரியின் மேல் விழுந்திருக்கிறதோ என்ற நினைப்பு வந்தது. மருந்து லிஸ்ட் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். கீழே இறங்கி வந்து களத்து ஓரத்தில் உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. எனக்குக் குளிர்ந்தது.

அத்தை வந்து பார்த்தார். "என்னம்மிணி, மூஞ்சி இப்புடி வெளுத்துக் கெடக்குது? ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒன்னுமில்லீங்க அத்தை" என்று ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் சொன்னேன். கணினி விஷயம் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒரு பெரியவர் மலைமேல் விடுபட்டுப்போனார், அண்ணன் தேடிப் போயிருக்கிறான், காரணம் நான் என்பது புரிந்தது. சும்மா சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. காயப்போட்டதை அப்படியே விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். காக்காய்கள் இறங்கித் தின்றன. அவர் விரட்டவில்லை.

ஐம்பது நிமிஷம். அவ்வளவு நேரமும் போன் என் மடியில் இருந்தது. ஒலிக்காவிட்டாலும் பயம், ஒலித்துவிடுமோ என்றும் பயம். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது என்ற நினைப்பு திடீரென்று வந்தது. மலைச்சரிவில் நீச்சல் எதற்கு? ஆனால் மனசு அதையே பிடித்துக்கொண்டது. அண்ணிக்கு என்ன சொல்வேன் என்று வாக்கியம் வாக்கியமாக உள்ளே ஓடியது. ஓடுவதை நிறுத்த முடியவில்லை.

போன் வந்தது டீச்சரிடமிருந்து.

"கெடைச்சுட்டாரும்மா. உசுரோட இருக்காரு. உங்க அண்ணன் முதுகுல தூக்கிட்டு எறங்குறாரு."

நான் பதில் சொன்னேனா என்று நினைவில்லை. அத்தைதான் போனை வாங்கி, "நல்லதுங்க, நல்லதுங்க" என்று சொன்னார்.

நடந்ததை அண்ணன் சாயங்காலம் சொன்னான். காலையில் மாமா லயத்துக்குக் கீழே இருந்த மாட்டுக்கொட்டகைக்குப் போயிருக்கிறார். ஜீப் ஹார்ன் அடித்ததும், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் காதில் விழவில்லை. திரும்பி வருவதற்குள் சேறு இறங்கி வழியை அடைத்துவிட்டது. தாண்டப் பார்த்ததில் கணுக்கால் பிசகிவிட்டது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், மாட்டோடு நின்றிருக்கிறார். அண்ணன் போனபோது அவர் வீட்டுச் சமையலறைக்குள் பின்பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு ஜன்னல் உயரத்துக்கு மண் வந்திருந்தது.

"வீட்டுக்குள்ள இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றான். பிறகு, "நீ கூப்பிடலைன்னா நாளைக்குத்தான் தேடியிருப்போம் பாப்பா" என்றான்.

ஆறுதலுக்காகச் சொன்னான். எனக்கு அதன் இரண்டாவது பாதி மட்டும்தான் கேட்டது. நாளைக்குத்தான் தேடியிருப்பார்கள். மறுநாள் விடிவதற்குள் கொட்டகையும் சரிந்து போயிருந்தது. மாட்டை அண்ணனோடு போனவர் பிடித்துக்கொண்டு வந்ததால் அது பிழைத்தது.

அடுத்த ஒரு வாரம் நானும் எங்கள் குழுவும் தூங்காத குறைதான். குறுக்குவழி வழியாகப் போன மாற்றங்களை ஒவ்வொன்றாகத் தேடினோம். பாதிக்கப்பட்ட பக்கங்கள் கொஞ்சம்தான் என்று தெரிந்தது. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு நாங்களே எழுதிச் சொன்னோம். தப்பைத் திருத்தினோம். ஒவ்வொரு வரிக்கும் பிறக்கும்போதே ஓர் அடையாளம் கொடுத்து, மேலே எத்தனை வரி சேர்ந்தாலும் அழிந்தாலும் அந்த அடையாளத்தைத் தேடிப்போய்த்தான் எழுத வேண்டும் என்று மாற்றினோம். எங்கள் பழைய முறையும் கிட்டத்தட்ட அதுதான். வேகத்துக்காக நான்தான் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. இனி சிவப்பு வந்தால் இரண்டு பேர் உட்கார்ந்து காரணம் கண்டுபிடிக்காமல் மறுபடி ஓட்டக்கூடாது என்று ஒரு விதி வந்தது.

பாதை திறந்ததும் கேம்ப்புக்குப் போனேன். அம்மாவைப் பார்த்துவிட்டு மாமாவிடம் போனேன். வகுப்பறைச் சுவரோரம் பாயில், கணுக்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளைத் தயார் செய்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"மாமா, உங்கள விட்டுட்டுப் போனதுக்குக் காரணம் நான்தான்."

"என்னது தாயி?"

"நான் செஞ்ச லிஸ்ட்ல தப்பு."

"என்ன சொல்லுது இந்தப் பிள்ள? சத்தமாச் சொல்லு."

ஹாலில் அத்தனை பேரும் இருந்தார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், என் கல்யாணத்துக்கு வேன் வைத்து வந்தவர்கள். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"நீங்க வராமலே வந்துட்டீங்கன்னு லிஸ்ட்ல விழுந்துச்சு மாமா! அந்தத் தப்பு என்னோடது! எனக்கு முன்னாடியே சந்தேகம் வந்துச்சு, நான் கவனிக்கல!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேருன்னு விழுந்துச்சு?" என்று கேட்டார். யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"நாலு பேரு!"

"நான் ஒத்த ஆளு. மாட்டச் சேத்தாலும் ரெண்டுதான வரும்" என்றார். ஹாலில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார். காது கேட்காதவர்களுக்குத் தம் குரலின் அளவு தெரியாது என்பார்கள். அவர் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"கொட்டகையில நிக்கிறப்ப, என்னத் தேடுவாக, தேடுவாகன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் தாயி. யாரும் தேடலைன்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கையை விட்டிருப்பேன்."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கஞ்சி வாங்கி வரச் சொன்னார்.

அந்த லயத்தில் பிறகு யாரையும் குடிவைக்கவில்லை. மாமா மகள் வீட்டோடு போய்விட்டார். மாட்டை அண்ணன் வைத்திருக்கிறான்.

இந்த வருஷம் மழை தொடங்கிய வாரத்தில் அண்ணன் கூப்பிட்டு, லிஸ்டைப் புதுப்பித்துத் தரச் சொன்னான். திருத்தியாகிவிட்டது, எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது, எனக்கே அது சரி என்று தெரியும். இருந்தும் அதைக் கொடுத்துவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை.

"தர்றேன். ஆனா நானும் அங்க வந்து இருக்கேன்" என்றேன்.

"வேல?"

"அங்க இருந்து பாத்துக்கிறேன்."

அலர்ட் வந்த காலையில் நான் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். டீச்சர் உள்ளே போனைத் திறந்து வைத்திருந்தார். அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே போனான். மழைக்குள் வண்டிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து இல்லாமல் போயிற்று. மலை தெரியவில்லை, வெறும் வெள்ளை. திரையில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கப் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஜீப் திரும்பியது. பின்கதவைத் திறந்து, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கினேன். பெயர் கேட்டேன். தெரிந்தவர்களிடமும் கேட்டேன். "என்னத் தெரியலையாடி உனக்கு?" என்று லயத்து அத்தை ஒருவர் கோபித்துக்கொண்டார். "தெரியும் அத்தை, இருந்தாலும் சொல்லுங்க" என்றேன். பதினோரு பேர் இறங்கினார்கள்; அண்ணன் ஏற்றியதும் பதினோரு பேர்தான்.